மூன்று நாள் தீவுப் பயணமும் ஒரு நாள் கையிருப்பும்

சத்தியவேட்டில் மொட்டை மாடியில் நின்று ராக்கெட் எழுவதைக் காணாதவர் அரியர். கிழக்கு வானில் தீக்கோடு ஒன்று மேலேறும். சற்று நேரம் கழித்தே அதன் முழக்கம் நம் காதுகளை வந்தடையும். அது கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒரு தீவுதான். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் பழவேற்காடு ஏரி. நமக்கு அருகிலுள்ள தீவாயினும், விண்வெளி மையத்தின் பாதுகாப்புப் பகுதியாதலால் அதன் கரையில் காலாற நடந்து, அலையில் கால் நனைத்துத் திரும்ப வழியில்லை. ஆகவே, கடல் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் சில நாள் ஓய்ந்திருக்க விரும்பும் நம் பகுதியினர் இன்னும் கிழக்கே நோக்குகின்றனர். அங்கே அந்தமான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வந்தார். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். மனைவி, ஏழாம் வகுப்பு முடித்த மகள் ஆகியோருடன் மே மாத இறுதியில் அந்தமானின் ஒரு சிறு தீவில் மூன்று நாள் தங்கிவர எண்ணியிருந்தார். அதற்கு ரூ.60,000 தனிநபர் கடன் வேண்டும் என்றார். கடன் கிடைக்கத் தாமதமாகுமெனில், மகளின் பெயரிலுள்ள நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். கடன் வழங்குவதே எங்கள் தொழில். தகுதியுள்ளவர் கேட்கும்போது வேண்டாமென்று தடுப்பது எங்கள் வழக்கமன்று. எனினும் அன்று ஒரு நாட்காட்டியையும் வெள்ளைத்தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். அன்று பேசியவற்றை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். கோடை விடுமுறைக்கு இவ்வாறு திட்டமிடுவோர் இன்னும் பலர் உள்ளனர் என்பதை அறிவோம்.

முதலில் இடம். அவர் தேர்ந்திருந்தது ஷஹீத் தீவு. நீல் தீவு என்னும் பழைய பெயரே இன்னும் பலருக்குப் பழக்கம். 2018 டிசம்பர் 30 அன்று அதன் பெயர் மாற்றப்பட்டது. ஹாவ்லக் அன்றே சுவராஜ் தீவு ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. பயணச் சீட்டில் ஒரு பெயரும், விடுதி ரசீதில் மற்றொரு பெயரும் இருந்தால் திகைக்க வேண்டாம், இரண்டும் ஓரூரே. நீல் என்பது 1857 கிளர்ச்சியை ஒடுக்குவதில் கொடுமைக்குப் பெயர்பெற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் நீலின் நினைவாக இடப்பட்டது என்பர். அந்த அதிகாரிக்குச் சென்னையிலும் ஒரு சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதனை அகற்றியது. நம் பக்கத்தில் சிலை போய் எண்பது ஆண்டுகள் கழித்தே தீவின் பெயரும் போயிற்று.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஷஹீத் தீவு கடல்வழியே ஏறத்தாழ 37 கி.மீ. தொலைவில் உள்ளது. தனியார் விரைவுப் படகில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமும், அரசுப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் ஆகும். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிதிவண்டியிலேயே செல்லலாம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை மூவாயிரத்தைச் சிறிதே கடந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து 1960களில் குடியமர்த்தப்பட்ட உழவர்களின் வழியினரே பெரும்பாலோர். நெல்லும் காய்கறியும் விளைவதால், அந்தமானின் காய்கறித் தோட்டம் என்றே இத்தீவைக் கூறுவர். கடற்கரைகளின் பெயர்களோ இராமாயணத்திலிருந்து வந்தவை: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். சீதாபூரில் ஞாயிறு உதிக்கும், லட்சுமண்பூரில் மறையும். பரத்பூரில் நீர் ஆழமற்றுத் தெளிந்திருக்கும். கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து பவளப்பாறைகளைக் காணலாம். பார்க்க வேண்டியவை ஏறத்தாழ அவ்வளவே. ஓய்வுக்காகச் செல்வோருக்கு அதுவே இத்தீவின் சிறப்பு என்பது எங்கள் கருத்து. பட்டியல் நீண்ட ஊருக்குச் சென்றால் பட்டியலை முடிப்பதிலேயே விடுமுறை கழிந்துவிடும். இங்கே இரண்டாம் நாள் காலையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தென்னை நிழலில் அமர்ந்திருப்பீர்கள். சந்தையில் சுரைக்காய் விலை கேட்பீர்கள்.

இருப்பினும் கடலும் ஞாயிறும் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அந்தமான் நம் ஊருக்கு ஏறத்தாழ 13 பாகை கிழக்கே உள்ளது. ஆயினும் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், அங்கே எல்லாம் நம்மைவிட ஐம்பது நிமிடம் முந்தி நிகழ்கிறது. ஏப்ரல் இறுதியில் காலை 5 மணியளவில் விடிந்து, மாலை 5.30 கடந்ததும் பொழுது சாய்ந்துவிடும். ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று நம் ஊர் வழக்கப்படி எண்ணியிருப்பவர் இருளைத்தான் காண்பார். ஓதம் இன்னொரு கணக்கு. லட்சுமண்பூரின் மறுபகுதியில் உள்ள இயற்கைப் பாறை வளைவைக் கடல் வடிந்திருக்கும்போதே நடந்து சென்று காண இயலும்; பரத்பூரில் கண்ணாடிப் படகு செல்ல நீர் ஏறியிருக்க வேண்டும். நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வடியும் நீர், அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துகிறது. விடுதிக்காரரிடம் வந்தவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, நாளை வடிநீர் எத்தனை மணிக்கு என்பதே. அந்தமான் கரைகளில் சில இடங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்காதிருப்பது நன்று.

வாடிக்கையாளரின் திட்டத்தில் நாங்கள் கண்ட முதற்குறை பணத்தைப் பற்றியதன்று, மாதத்தைப் பற்றியது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுமுன்பே அந்தமானைத் தொட்டுவிடுகிறது. வழக்கமாக மே மாத மூன்றாம் வாரத்தை ஒட்டி அது நிகழும். அதன் பின்னர்க் கடல் கொந்தளிக்கும், படகுகள் நிறுத்தப்படும், மழையில் பவளப்பாறையும் தெரியாது. மே இறுதிப் பயணம் என்பது மழையைக் காண விமானக் கட்டணம் கொடுப்பதாகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பள்ளிக் குழந்தை உள்ள வீட்டுக்குத் தேர்வு முடிந்த ஏப்ரல் இறுதியே பொருந்தும். வெயில் சற்றுக் கடுமையாகவே இருக்கும். புயற்சின்னம் ஏதேனும் உள்ளதா என வானிலை அறிக்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் ஏப்ரலோ கடந்துகொண்டிருந்தது. ஆகவே பயணத்தை ஓராண்டு தள்ளி வைப்பதே முறையெனக் கூறினோம். அவருடைய முகம் வாடியதை மறைப்பதற்கில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டார். அதற்கு எங்களிடம் விடையில்லை. கணக்குக்கு மட்டுமே இருந்தது.

அக்கணக்கு இது. ரூ.60,000 கடனை 12 சதவீத வட்டியில் 12 மாதத் தவணைகளில் திருப்பினால், மாதத் தவணை சுமார் ரூ.5,330. மொத்தம் ஏறத்தாழ ரூ.63,970, பரிசீலனைக் கட்டணம் தனி. மாறாக, மே மாதம் தொடங்கி மாதம் ரூ.7,000 வீதம் ஒன்பது மாதத் தொடர் வைப்பு இட்டால், கட்டும் தொகை ரூ.63,000. ஆண்டுக்கு 6 சதவீதம் எனக் கொண்டால் பிப்ரவரியில் கிடைப்பது சுமார் ரூ.64,590. இவை எடுத்துக்காட்டுக்கான வட்டி விகிதங்கள். நடைமுறை விகிதத்தைக் கிளையில் கேட்டறியலாம். ஒரு வழியில் ஏறக்குறைய நான்காயிரம் ரூபாய் கையை விட்டுப் போகிறது. மறுவழியில் ஆயிரத்தைந்நூறுக்குச் சற்று மேல் கைக்கு வருகிறது. கடன் அட்டையில் செலவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதந்தோறும் கட்டிவந்தால் நிலைமை இன்னும் மோசம். பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல்.

பன்னிரண்டு மாதம் என்று சொல்லாமல் ஒன்பது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விமானச் சீட்டும் படகுச் சீட்டும் விடுதி முன்பணமும் பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே செலுத்த வேண்டியவை. ஏப்ரலில் முதிரும் வைப்பு ஏப்ரல் பயணத்துக்குப் பயன்படாது. பிப்ரவரியில் முதிர்ந்தால் சீட்டுகளை வாங்கிவிடலாம். மார்ச், ஏப்ரல் சம்பளத்தில் மிச்சப்படுத்துவதை உணவு, உள்ளூர்ச் செலவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளம் வரவாகும் நாளுக்கு மறுநாள் தவணை தானாகவே பிடிக்கப்படுமாறு நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், தவணை தவறி அபராதம் விழாது. மகளின் வைப்பைத் தொட வேண்டாம் என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொன்னோம். முன்கூட்டி முடித்தால் வட்டி குறையும் என்பது சிறு இழப்பு. கல்லூரிக்கென்று வைத்த தொகை ஒருமுறை கலைந்தால் மீண்டும் அதே அளவில் சேர்வது அரிது என்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்.

இனி, அவர் எழுதிவந்த தாளில் நாங்கள் அடித்துத் திருத்திய ஒரு வரி. சென்னையிலிருந்து விமானம், வந்தவுடன் ஸ்ரீ விஜயபுரத்தில் ஓரிரவு, சிற்றறைச் சிறை பார்த்தல், பின்னர் தீவில் மூன்று நாள், கடைசி நாள் காலைப் படகு, பிற்பகல் விமானம். பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. நாங்களும் ஒருமுறை குடும்பத்துடன் இதே வரிசையில் சென்றவர்கள்தாம். கடைசி நாள் காலை மூட்டை முடிச்சுகளுடன் படகுத்துறைக்கு வந்தபோது, காற்று வலுத்திருப்பதால் படகுகள் புறப்படா என்று அறிவித்தார்கள். வானம் தெளிவாகவே இருந்தது; மழையின் சுவடே இல்லை. எனினும் கடலைப் பற்றி அவர்கள் அறிவார்கள், நாம் அறியோம். விமானம் எங்களை விட்டுப் போயிற்று. மறுநாள் படகு வந்தது. அன்றைய விலையில் வாங்கிய நான்கு சீட்டுகளுக்குக் கொடுத்த தொகை, போய்வர முதலில் கொடுத்ததைவிட அதிகம். விமான நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுடைய விமானம் உரிய நேரத்தில்தான் சென்றது. படகும் விமானமும் வெவ்வேறு சீட்டுகளாக இருக்கும்போது, ஒன்று தவறியதற்கு மற்றொன்று பொறுப்பேற்காது. பயணம் செய்யாத சீட்டிலும் விமான நிலையப் பயனர் கட்டணம், சட்டப்படியான வரிகள் ஆகியவற்றைத் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்பதே எஞ்சிய ஆறுதல்.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்கினோம். வந்திறங்கிய நாளே, இயலுமானால் பிற்பகற் படகில், தீவுக்குச் சென்றுவிட வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தின் ஓரிரவைக் கடைசியில் வைக்க வேண்டும். படகு உரிய நாளில் ஓடினால், 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட சிற்றறைச் சிறையை நிதானமாகப் பார்த்து, மாலையில் அங்கு நடைபெறும் ஒலி ஒளிக் காட்சியையும் காணலாம். கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். படகு ஓடாவிட்டால், அந்த ஓரிரவு உங்கள் விமானச் சீட்டைக் காக்கும். செலவு கூடவில்லை, வரிசை மட்டுமே மாறியது. நிதி நிர்வாகத்தில் அவசரக் கையிருப்பு என்று நாங்கள் ஓயாமல் கூறுவது பணத்துக்கு மட்டுமானதன்று. தீவுப் பயணத்தில் அது ஒரு நாளாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கப்பலிலேயே போகலாமே என்று அவர் கேட்டார். போகலாம், ஏறக்குறைய 60 மணி நேரம் ஆகும். மூன்று நாள் விடுமுறை நடுக்கடலிலேயே முடியும். விமானத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்; தொலைவு சுமார் 1,370 கி.மீ.

தீவில் பணம் எடுப்பது பற்றி. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம், ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுடையது, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின்னர் ஸ்ரீ விஜயபுரத்தில் இணைய வசதி பெரிதும் முன்னேறியுள்ளது. சிறு தீவுகளில் அதே வேகத்தை எதிர்பார்க்க இயலாது. யு.பி.ஐ. பெரும்பாலான கடைகளில் ஏற்கப்படும். ஆனால் இணைப்பு அறுந்த வேளையில் இளநீர்க்காரர் காத்திருக்க மாட்டார். ஏ.டி.எம். இயந்திரங்கள் சிலவே, அவற்றிலும் பணம் தீர்ந்துபோவதுண்டு. எனவே இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைச் சென்னையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக. ரொக்கத்தை ஒரே பையில் வைக்காமல் கணவன் மனைவி இருவரும் பிரித்து வைத்துக்கொள்வது நம் பெரியோர் காட்டிய வழி. சிறு தொகைகளுக்கு யு.பி.ஐ. லைட் உதவும். அதில் அதிகபட்சம் ரூ.5,000 வரை இருப்பு வைத்து, ஒருமுறைக்கு ரூ.1,000 வரை இரகசிய எண் இன்றியே செலுத்தலாம்.

அவ்வாறு செலுத்தும்போது உங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டுக் கடைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால், அல்லது ஏ.டி.எம். இயந்திரம் பணம் தராமலே கணக்கில் கழித்துவிட்டால், பதற வேண்டாம். 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, இவ்விரண்டிலும் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால், நாளொன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீடு உண்டு. அதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பது விதி. இயந்திரம் தந்த சீட்டையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

மோசடி பற்றி ஒரு சொல். விடுதி, படகு முன்பதிவுக்கென்று இணையத்தில் தேடும்போது போலித் தளங்களும் மேலே வந்து நிற்கும். பாதி விலையில் கடலோர அறை, உடனே முன்பணம் அனுப்புக என்று கூறி, நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபர் ஒருவரின் பெயரில் கியூ.ஆர். குறியீடு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ ஒருபோதும் தேவைப்படாது. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், தயங்காது உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டுக் கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகருமுன் தடுக்க முதல் சில மணி நேரங்களே வாய்ப்பு. பயணக் காப்பீடு எடுப்போர் விமானத் தாமதம் என்னும் வரியோடு நிறுத்தாமல், படகு ரத்தும் அடங்குமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இன்னும் சேராத 18 முதல் 70 வயது வரையிலான வாடிக்கையாளர்கள், ஆண்டுக்கு ரூ.20 செலுத்தி ரூ.2 இலட்சம் விபத்துக் காப்பீட்டைப் பெறலாம். பயணத்துக்கென்று அல்லாமல் பொதுவாகவே சேர்ந்திருக்க வேண்டியது அது.

மாலத்தீவுக்குச் சென்றால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். செல்லலாம். ஆயின் கடவுச்சீட்டு, அந்நியச் செலாவணி, அட்டைக்கு விதிக்கப்படும் கூடுதல் கட்டணம், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு மூலத்தில் வசூலிக்கப்படும் வரி ஆகியவை சேரும். அந்தமானில் இந்தியர்க்கு இவை எதுவும் இல்லை. அரசு வழங்கிய அடையாள அட்டை போதும். இலட்சத்தீவுக்கோ முன்அனுமதி பெற வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள், அந்தமானுக்கான விடுமுறைப் பயணச் சலுகை தற்போது நடைமுறையில் உள்ளதா எனத் தத்தம் அலுவலகத்தில் கேட்பது நலம்.

அந்த வாடிக்கையாளர் தொடர் வைப்பைத் தொடங்கினார். இரண்டு தவணைகளுக்குப் பின் சற்றுச் சலிப்புடன் வந்து, மகள் நாட்காட்டியில் மாதங்களை அடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பிப்ரவரியில் வைப்பு முதிர்ந்தது. ஏப்ரல் இறுதியில் மூவரும் சென்று வந்தனர். படகு உரிய நாளில் ஓடியதாம். கையிருப்பாக வைத்த இரவில் சிறையைப் பார்த்திருக்கின்றனர். தீவில் இரண்டாம் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். ஒன்றும் செய்யவில்லை, மூன்று பேரும் மத்தியானம் வரை தூங்கினோம் என்றார்.

மகளுக்கு ஒரே மனக்குறை. பரத்பூர்க் கரையில் அவள் பொறுக்கிய வெண்பவளத் துண்டை விடுதிக்காரர் திரும்பப் போடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. இறந்து கரையொதுங்கிய துண்டாயினும் எடுத்துவர அனுமதியில்லை. விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் பொருள் பறிமுதலாவதுடன் வழக்கும் வரலாம். சிப்பிப் பொருட்கள் வேண்டுமெனில் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.